பாலத்தடியில் திரும்பிய குதிரை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் தோட்டமும் வீடும் இருந்தன. பொள்ளாச்சிப் பக்கத்து எல்லை நடந்து போகிற தூரம்தான். எனக்கு அப்போது இருபது வயது. தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் வேலை. மூணாறுக்குப் பக்கத்தில் சித்திரபுரத்தில் குவார்ட்டர்ஸ். பெண் பார்க்க வந்த அன்று அவர் தலையை நிமிர்த்தவில்லை, நானும் நிமிர்த்தவில்லை. அதனால் அவருடைய கால் விரல்களை மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

அந்த வருஷம் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போன என் அப்பா, ஒரு குதிரைக் குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு வயது தாண்டிய பெண் குட்டி. செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் குதிரையைத் தொட்டவர்கள் யாரும் கிடையாது. மாடு, எருமை, ஆடு, அதோடு சரி. அதைச் சொன்னால், "குதிரைன்னா என்னங்கறே? கொம்பில்லாத மாடுதான" என்பார் அப்பா. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவருக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. மகளைக் குதிரை வண்டியில் வைத்துத்தான் பஸ் ஏற்றிவிடுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மழை நின்றதும் குட்டியைப் பழக்க வேண்டும் என்று நாள் பார்த்து வைத்திருந்தவர், ஐப்பசிக் கடைசியில் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு விட்டுப்போயிற்று. எலும்புக்குக் கட்டுப் போட்ட வைத்தியர், தை பாதிவரைக்கும் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இதுதான் சமயம். "தைக்குள்ள வண்டியில பூட்டலைன்னா வந்த வெலைக்குத் தள்ளீரோணும். கல்யாண ஊட்டுல இதுக்குப் புல்லு அறுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாது" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் அப்படித் திரும்பிப் படுத்ததை என்னால் பார்க்க முடியவில்லை. "நான் பழக்கறனுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அதனால் சொன்னேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அது மட்டுமில்லை. காலையில் எழுந்தால் பாத்திரம், பாய், புடவை என்று கல்யாணப் பேச்சாகவே இருந்தது. எனக்கு அந்தப் பேச்சிலிருந்து தப்பித்து எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது.

முதல் நாள் நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டியை நடத்தப் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் குட்டிதான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. கடலைக்காட்டு வரப்பைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து வேலியில் கொண்டுபோய் என்னைச் சாத்திவிட்டு, அங்கேயே நிதானமாகப் புல் மேய்ந்தது. இரண்டு முழங்கையிலும் தோல் போய்விட்டது. கல்யாணப் பெண் இப்படியா என்று அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே திட்டினார். மறுநாளும் போனேன்.

எங்களுக்குத் தெரிந்த பாஷை மாட்டுப் பாஷைதான். நடக்கச் சொல்ல ஒரு சத்தம், நிற்கச் சொல்ல ஒரு சத்தம், வலப்பக்கம் தள்ள நாக்கை மடித்து ஒரு சத்தம். குதிரைக்காரர்கள் வேறு என்னமோ சொல்வார்களாம். எனக்குத் தெரியாது, எங்கள் குட்டிக்கும் தெரியாது. நான் மாட்டை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன், அதுவும் மாடாகவே இருந்து கேட்டுக்கொண்டது. கறவை மாட்டுக்குப் போடுகிற மாதிரி அதன் கழுத்தில் ஒரு சின்ன மணியும் கட்டிவிட்டேன்.

கடிவாளம் மாட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பத்து நாள் வாயையே திறக்கவில்லை. ஒரு விடிகாலை அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கார்த்திகைப் பனியில் இரும்பு சில்லென்று கிடந்தது. என் கையே தாங்கவில்லை, அது எப்படி நாக்கில் வாங்கும்? அன்றிலிருந்து எழுந்ததும் முதல் வேலையாகக் கடிவாளத்து இரும்பைத் தாவணிக்குள் இடுப்போடு செருகிக்கொள்வேன். சாணி அள்ளி, வாசல் தெளித்து, கொள்ளு வேகவைத்து முடிப்பதற்குள் அது உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கொஞ்சம் கருப்பட்டி தடவி நீட்டினால் குட்டி தானாகவே வாயைத் திறக்கும். முதல் தடவை அப்படித் திறந்தபோது நான் அழுதேன், சும்மா சொல்லவில்லை.

பிறகு வயிற்றுப் பட்டை. பிறகு பின்னால் கயிறு கட்டி ஒரு பனந்துண்டை இழுக்க வைத்தேன், பின்னால் எதோ வருகிறது என்ற பயம் தெளிவதற்காக. மார்கழிப் பாதியில் வெறும் வண்டியைப் பூட்டிப் பக்கத்தில் நடந்தேன். கடைசியில் வண்டியில் ஏறி உட்கார்ந்தே ஓட்டினேன். கடலைக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், "கல்யாணப் பொண்ணு ஊர்கோலத்துக்கு இப்பவே பழகுதாட்டிருக்குது" என்று கேலி செய்தார்கள். நானும் சாட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனேன். அந்தச் சாட்டை வண்டிக்கு அழகுக்குத்தான் செருகி வைத்திருந்தது.

வெறும் கயிற்றில் நடத்திய நாளிலிருந்தே தினமும் ஒரே பாதைதான். வீட்டிலிருந்து கிழக்கே ஒன்றரை மைல் போனால் பெரிய வாய்க்கால். அதன் மேல் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் பஸ் நிற்கும் இடம். மார்கழியும் தையும் எங்கள் பக்கத்துக்குக் காற்று மாதங்கள். மலைக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வருகிற காற்று, பனைமரத்து ஓலைகளையெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். போகும்போது அந்தக் காற்று முகத்தில் அறையும். குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தி நடக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அப்போது அதன் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பிடரி மயிர் முன்னால் பறக்க, மணி குலுங்க, வண்டியே லேசாகிவிடும். எனக்கும் வீடு இத்தனை சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று இருக்கும்.

அப்பா கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் தினமும் ஒரே கேள்வி. "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு வந்தியா கண்ணு? ஹாரன் சத்தமெல்லாம் கேட்டுப் பழகோணும் பாரு."

"போயிட்டு வந்தனுங்கப்பா" என்பேன்.

போகவில்லை. ஒரு நாள்கூடப் போகவில்லை. பாலத்துக்கு இந்தக் கரையிலேயே வண்டியைத் திருப்பிவிடுவேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கள்ளுக்கடை இருந்தது. ஷாப்பு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் புறம் மதுவிலக்கு வந்துவிட்டிருந்த சமயம். அதனால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் எல்லாம் விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளில் வந்து இறங்கியிருப்பார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் ஷாப்பு வாசல் வழியாகக் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு போனாள் என்றால், அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பாவிடம் இதைச் சொன்னால், அவமானம் என்று நினைத்து, பழக்கியதே போதும் என்று நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதனால் பொய் சொன்னேன். ஒரு நாள் சொன்ன பொய்யை மறுநாளும் சொல்வது ரொம்பச் சுலபம்.

இது ஒரு காரணம். இன்னொன்றை நான் அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் நான் போகப்போகிறேன். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பாலத்தடியில் வண்டியைத் திருப்புகிறபோதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வரும், இன்னைக்குப் போகலை, இன்னைக்குப் போகலை என்று. குட்டிக்கு நான் என்ன கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தைக் கடைசியில் கல்யாணம் முடிந்தது. குட்டி வண்டியில் பூட்டுகிற குதிரையாகிவிட்டதால் அம்மாவும் அதை விற்கிற பேச்சை விட்டுவிட்டார். புகுந்த வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மறுவீடு என்று எங்கள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே சித்திரபுரம் புறப்படுவதாக ஏற்பாடு. குடித்தனம் வைத்துக்கொடுக்க மாமியாரும் கூட வந்தார். பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டை போய், அங்கே மறையூர் வழியாக மூணாறு போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. என் வீட்டுக்காரர் மறுநாள் காலை வேலையில் சேர்ந்தாக வேண்டும்.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தார். நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்துகொண்டார். குட்டிக்கு நெட்டி மாலை, நெற்றியில் குங்குமம். அம்மாவும் தங்கைகளும் வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். நானும் அழுதுகொண்டேதான் ஏறினேன். பக்கத்தில் மாமியார், எதிரில் அவர், காலடியில் ஒரு தகரப் பெட்டி.

பாலம் வந்தது. குட்டி நின்றது. பிறகு, நான் தினமும் திருப்புகிற அதே இடத்தில், தானாகவே அழகாக வட்டமடித்துத் திரும்பி, காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. மூன்று மாதம் படுத்திருந்த அப்பாவின் கைக்கு வலு இல்லை. இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மா, போன மகள் பெட்டியோடு திரும்பி வருவதைப் பார்த்துத் திகைத்துப் போய்விட்டார். குட்டி நேராக மாடு கட்டுகிற கொட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் எங்களை நிறுத்தியது. வேலை முடிந்தது, கருப்பட்டி எங்கே என்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

"பொறப்பட்ட வண்டி திரும்பலாமுங்களா சம்பந்தி?" என்று மாமியார் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. கல்யாணமாகிப் போகிற பெண் பாதி வழியில் திரும்பினால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா மறுபடி பாலத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

இரண்டாவது தடவை பாலத்தடியில் குட்டி மறுபடியும் திரும்பப் பார்த்தது. அப்பா உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்தார். வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. "மூணு மாசமா இந்த வழிதான போயிட்டு வருது. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு?" என்றார். எதிர்க்கரையில் ஷாப்பு வாசலில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மாமியார், "இது ஆகாத குருதைங்க. சுழி சரியில்லை. மொதல்ல இதைத் தள்ளியுடுங்க" என்றார். அப்பாவின் கை அந்த அழகுச் சாட்டையை உருவியது. அதற்கு முன் அவர் மாட்டைக்கூட அடித்து நான் பார்த்ததில்லை.

"அடிக்காதீங்கப்பா" என்று கத்திவிட்டேன். "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாந்தான் தெனமும் இங்கேயே திருப்பீருவேன். ஒரு நாளும் பாலத்தைத் தாண்டலைங்க. உங்ககிட்டப் பொய் சொன்னனுங்கப்பா."

கல்யாணமாகி நாலாவது நாள், மாமியாருக்கும் புருஷனுக்கும் முன்னால், நான் பொய் சொல்லுகிறவள் என்று நானே சொல்லிக்கொண்டேன். அப்பா சாட்டையைத் தாழ்த்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்த மாதிரி தெரிந்தது. நான் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். குட்டியை விற்கப்போகிறார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள், இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று நினைத்தேன்.

அப்போது எதிரில் உட்கார்ந்திருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தன் அம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கினார். "சகுனமெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. பழக்குன எடத்துல திரும்புது, அவ்வளவுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பழக்குனது நீதான? எறங்கி நீயே கூட்டிட்டு வா. நாங்க பின்னால நடந்து வர்றோம்" என்றார். அவர் என்னிடம் கோபப்படவில்லை என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கல்யாணச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். குட்டியின் முகத்துப் பக்கம் போய் நின்று கடிவாள வாருக்கடியில் கையைக் கொடுத்தேன். மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. நானும் அது மாதிரித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மாட்டை நடக்கச் சொல்கிற அந்தச் சத்தத்தை மெதுவாகச் சொன்னேன். அது வரவில்லை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் இரைகிற சத்தத்துக்குக் காதை விடைத்தது. சொல்லிப் பிரயோஜனமில்லை, நான் முன்னால் போனால்தான் அது வரும் என்று புரிந்தது. பாலத்தின் மேல் ஒரு அடி வைத்தேன். அதுவும் ஒரு குளம்பை எடுத்து வைத்தது. நான் நின்றால் அது நின்றது. மறுபடி ஒரு அடி.

பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண்ணை யாராவது கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள், வண்டி கொண்டுபோகும். அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் போதும், ஊர் தானாகத் தாண்டிவிடும். எனக்கு அப்படி அமையவில்லை. ஒவ்வொரு அடியையும் நானே எடுத்து வைத்துத்தான் போக வேண்டியிருந்தது, அதுவும் போக மனசில்லாத இன்னொரு உயிருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு. காற்று எதிரே அடித்ததில் கண்ணெல்லாம் மண். அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஷாப்பு வாசலில் கேலி செய்வார்கள் என்று மூன்று மாதம் பயந்தேனே, அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. சாலையோரம் கிடந்த பெஞ்சை ஒருவர் இழுத்து ஓரம் போட்டார். நின்றவர்கள் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கடைக்காரர் மாதிரி இருந்த ஒருவர் அப்பாவைப் பார்த்து, "மூணு மாசமா இங்கிருந்து பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம். அந்தக் கரையோட திரும்பீருமுங்க. இன்னைக்குத்தான் தாண்டுது" என்றார். அவர் முகத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் போல ஒரு சந்தோஷம். அவர்தான் துண்டை உயர்த்தி ஆட்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, புறப்பட இருந்த பஸ்ஸை நிறுத்தி வைத்தார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.

பஸ்ஸைக் கண்டதும் குட்டி நடுங்கியது. டிரைவர் ஹாரனை அடித்தபோது முன்னங்காலைத் தூக்கப் பார்த்தது. முந்தானையால் அதன் கண்ணை மூடி, கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். புதுச்சேலை முழுக்க நுரையும் எச்சிலும். மடியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அதன் வாயில் வைத்தேன். அது உதட்டால் என் உள்ளங்கையைத் தடவித் தேடியது. "ஒரு நிமிசமுங்க" என்று என் வீட்டுக்காரர் கண்டக்டரிடம் சொல்வது காதில் விழுந்தது. வாரை அப்பாவின் கையில் கொடுத்தேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர், "பஸ்ஸு நிக்குது பாரு, ஏறு கண்ணு" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

பொள்ளாச்சியில் பஸ் மாறி ஏறினோம். மாமியார் தூங்கிவிட்டார். முன் சீட்டிலிருந்து அவர் திரும்பி, "குதிரைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். "குட்டின்னுதானுங்க கூப்புடுவோம்" என்றேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் தொடங்கியது.

சித்திரபுரத்தில் அந்த முதல் வருஷம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. மனுஷர்கள் நல்லவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பனி மூடினால் பக்கத்து வீடு தெரியாது. விடிகாலை எங்கள் ஊரில் எழுகிற நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். கை இடுப்புப் பக்கம் போய்த் தேடும். அந்தச் சில்லென்ற இரும்பு அங்கே இருக்காது. பிறகு தூக்கமே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பட்டிக்கு அணை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் சாலையோரமாக ஒரு குதிரையை நடத்திக்கொண்டு போனார். நான் அணையைப் பார்க்கவில்லை. அந்தக் குதிரை வளைவில் திரும்பி மறைகிறவரை நின்றேன். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தார், போகலாமா என்று கேட்கவில்லை.

அப்பாவின் இன்லண்டு லெட்டர் மாதம் ஒன்று வரும். மழை, கடலை, தங்கைகளின் படிப்பு. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: குட்டி சௌக்கியம். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. நானும் எழுதவில்லை. மனசில் அது முள்ளாகவே கிடந்தது.

தலைத் தீபாவளிக்குப் போயிருந்தபோது, லீவு முடிந்து வீட்டுக்காரர் முன்னாலேயே போய்விட்டார். நான் திரும்புகிற அன்று, அப்பாதான் வண்டி ஓட்டினார். இன்னும் நொண்டிதான் நடந்தார். பாலம் வந்ததும் குட்டி தானாக நின்றது. திரும்பவில்லை, சும்மா நின்றது. அப்பா வாரை இழுக்கவுமில்லை, அதட்டவுமில்லை. தடியை எடுத்துக்கொண்டு, வண்டிச் சட்டத்தைப் பிடித்து, வலியோடு ஒரு காலை இறக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குட்டியின் முன்னால் போய் நின்று வாரைப் பிடித்து நடந்தார். அது பின்னாலேயே ஒவ்வொரு அடியாக வைத்தது. நான் இறங்கி ஓடினேன்.

"தெனமும் இப்படித்தானுங்களாப்பா?"

"ஆமா. யாராச்சும் எறங்கி முன்னால நடந்தாத்தான் பாலத்து மேல வரும். நீ அப்பிடித்தான கூட்டிட்டுப் போனே."

இந்தக் காலை வைத்துக்கொண்டா என்று எனக்குத் தாங்கவில்லை. "மாத்தீரலாமுங்களே. நாலு நாள் பழக்குனாப் போதுமே" என்றேன்.

அப்பா பாலத்தின் நடுவில் நின்றார். குட்டியும் நின்றது. "மாத்தலாம். எதுக்கு மாத்தோணும்?" என்றார். "இந்த எடத்துல எறங்கி நடக்கறப்ப, நீ இப்பத்தான் போனாப்பல இருக்குது."

 நான் வாரை வாங்கிக்கொண்டேன். குட்டியையும் சேர்த்து மூன்று பேரும் அக்கரைக்கு நடந்தோம். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அப்பா அந்தப் பாலத்தில் இறங்கி நடந்தார். சந்தைக்குப் போகும்போதும் நடந்தார், தங்கைகள் கல்யாணமாகிப் போனபோதும் நடந்தார். குட்டி கிழடாகிப் போயிற்று, பிறகு அப்பா போனார். இப்போது அந்தப் பாலத்தை அகலமாகக் கட்டிவிட்டார்கள். என் மகன் கார் ஓட்டிக்கொண்டு போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது தாண்டிப் போய்விடுகிறது. நான் அவனை நிறுத்தச் சொல்வதில்லை, சொன்னால் காரணம் கேட்பான். ஆனால் பாலம் வருகிறபோது உட்கார்ந்த இடத்திலேயே என் கால் இரண்டும் தரையில் ஊன்றிக்கொள்ளும். போக மனசில்லாமல் நான் ஒரு குதிரைக்குத் தப்பாகப் பழக்கிய பழக்கத்தை என் அப்பா கடைசிவரை மாற்றாமலே விட்டுவைத்தார். அதனால்தான் இந்த வயதிலும் நான் அந்த வீட்டிலிருந்து இப்போதுதான் புறப்பட்ட மாதிரி இருக்கிறது.